தலையசைத்த முகமூடி

பலேர்மோவில் இருந்த ஒன்பது வருஷத்தில் நான் கை வைத்த ஆட்கள் ஐந்து பேர். அதில் நான்கு பேர் அதற்குத் தகுதியானவர்கள். இன்றைக்குக் கேட்டாலும் அப்படியே சொல்வேன். ஒருவன், சீசா என்கிற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரனின் மருமகன், கறி மணக்கிறதென்று அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியைத் தூக்கிப் படியில் கொட்டியவன். இன்னொருவன் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு உணவகத்துச் சமையற்காரன், என் காலில் சுடுதண்ணீரை ஊற்றிவிட்டு நின்று சிரித்தவன். மற்ற இருவரும் எங்கள் ஊர்க்காரர். அவர்களைப் பற்றி எழுதினால் அந்தச் சண்டை திரும்பத் தொடங்கும், ஆகவே விட்டுவிடுகிறேன். ஐந்தாவது ஆள் எனக்கு ஒரு கெடுதலும் நினைக்காதவன். அவனைத்தான் ஆக மோசமாக அடித்தேன். ஒரு சினிமாக் கொட்டகையில், இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவன் முகமூடி போட்டு ஆடிக்கொண்டிருந்தபோது அடித்தேன்.

அந்தக் கொட்டகையில் தொண்ணூறுகளில் ஆண்டுதோறும் நவம்பர் மாதம் ஒரு கிழமை ஆப்பிரிக்கப் படவிழா நடக்கும். நடத்தியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. இத்தாலியர்கள் அவரைப் புரொபெசொரெஸ்ஸா என்று அழைப்பார்கள். எங்கள் வாய்க்கு அது கொஞ்சம் பெரிய கவளம், நாங்கள் ரீச்சர் என்று வைத்துக்கொண்டோம். நவம்பர் எனக்குக் கை காய்கிற மாதம். மொண்டெல்லோவில் கோடைக்கூட்டம் செப்டெம்பரோடு முடிந்துவிடும், சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திய மண்டரின் பழம் பிடுங்கத் தை பிறக்க வேண்டும். நடுவில் வந்த இந்த ஒரு கிழமை வேலையை எனக்குப் பிடித்துத் தந்தவன் என்னோடு சீசாவில் ஒரே அறையில் இருந்த மொரீசியஸ் தம்பி.

அவன் பெயரைக் கேட்டால் கோயில் ஐயர் வைத்த பெயர் மாதிரி சுத்தமாக இருக்கும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற வம்சம். ஆனால் எங்களிடம் வந்தபோது நாலு தேவாரச் சொல்லுக்கு மேல் தமிழ் தெரியாது. பிறகு பேசிய தமிழெல்லாம் எங்கள் அறையில் பொறுக்கியது, அதனால் மொரீசியஸ்காரன் ஒருவன் அச்சொட்டாக யாழ்ப்பாணம் கதைத்தான். அவன் அந்த விழாவுக்குள் நுழைந்த விதமும் ஒரு சண்டைதான். வாசலில், ஆப்பிரிக்க நாட்டவருக்கு அனுமதி இலவசம் என்று எழுதியிருந்தது. இவன் கடவுச்சீட்டைக் காட்டினான். சீட்டுக் கொடுத்த பெண் முகத்தை ஒருதரம் பார்த்து, இலங்கைக்காரருக்கு இலவசம் இல்லை என்றாள். இவன் அவளைச் சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன் கூட்டிப்போய், ஆப்பிரிக்காவின் கரையோரம் கடலுக்குள் கிடந்த ஒரு புள்ளியில் விரலை வைத்து, இதுதான் என் வீடு என்று கொட்டகை அதிரக் கத்தியிருக்கிறான். சத்தம் கேட்டு வந்த ரீச்சர், இவன் கோபத்தில் பிரெஞ்சில் திட்டுவதைக் கேட்டு, அங்கேயே அவனை மொழிபெயர்ப்பாளனாக்கிவிட்டார்.

பிரெஞ்சுப் படங்களுக்கு அடியில் இத்தாலியன் எழுத்து ஓடாது. தம்பி கொட்டகையின் பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கோடு இருந்து, படத்தில் யார் பேசினாலும் இத்தாலியனில் சொல்வான். பார்க்க வந்தவர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்பார்கள். கழுத்தறுத்தாலும் கல்யாணம் நடந்தாலும் அவன் குரல் ஒரே குரல்தான், கடையில் வாங்கும் சாமான் பட்டியலை வாசிக்கிற மாதிரி. வாசலில் ஹெட்போன் கொடுத்து வாங்குவதும், ரயில் நிலையத்துக்கு வரும் படச்சுருள் பெட்டிகளைத் தூக்கி வருவதும் என் வேலை. ஒரு படத்துக்கு ஐந்தாறு தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றும் தூக்கினால் தோள் கழன்றுவிடும்.

பெட்டி தூக்க ரீச்சர் எனக்குத் துணைக்குத் தந்த ஆள்தான் அந்த ஐந்தாவது ஆள். ஐவரி கோஸ்ட்காரன். ஊரில் வீடு கட்டுகிற மேசன், இங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவன். எங்கள் இருவருடைய இத்தாலியனையும் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது, ஆனாலும் பெட்டி தூக்க அது போதும். மத்தியானத்தில் நான் கொண்டுபோகும் சோற்றையும் சம்பலையும் பகிர்ந்து சாப்பிடுவோம். உறைப்பில் அவனுக்கு மூக்கும் கண்ணும் ஒழுகும், நிறுத்தமாட்டான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அவன் என் கோபத்தைப் பார்த்துவிட்டான். ஒரு மத்தியானப் படம். ஆட்டுப்பட்டியும் மண்சுவரும் உள்ள ஒரு ஊர். பச்சை உடுப்போடு ஆட்கள் வந்து, ஒரு தாயின் கையிலிருந்து மகனைப் பிய்த்து எடுத்து, துவக்குப் பிடியால் வாயில் இடிக்கிறார்கள். பல் உடைகிற சத்தம் கேட்கிறது. நான் ஹெட்போன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கக்கூசுக்குப் போய், கதவைக் குத்தினேன். பலகை பிளந்து முழங்கைவரை கிழித்துக்கொண்டு போனது. ஐவரி கோஸ்ட்காரன் வந்து என் கையைக் குழாய்க்குக் கீழே பிடித்துத் துணியால் சுற்றினான்.

"அது தக்காளிச் சாறு," என்றான். "நடிக்கிறவன் பின்னேரம் வீட்டை போயிடுவான்."

எனக்கும் அது தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவன்தான் வீட்டுக்கு வரவில்லை.

தலையாட்டி என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியப்புறம் இராணுவம் ஊரைச் சுற்றி வளைக்கும். ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும். அங்கே ஒரு கதிரையில் ஒருவன் இருப்பான். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அடி தாங்காமல் காட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்ட எங்களில் ஒருவனாகத்தான் அவன் இருப்பான். நாங்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் சும்மா இருந்தால் அந்தப் பக்கம் போகலாம். தலையாட்டினால் லொறியில் ஏற்றுவார்கள். அன்றைக்கு என் முறை வந்தபோது சாக்கு அசையவில்லை. எனக்கு இரண்டு ஆள் தள்ளி என் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு இருபது வயது, எந்த இயக்கத்துக்கும் ஒரு தேத்தண்ணீர்கூட வாங்கிக் கொடுக்காதவன். சாக்கு ஆடியது. உள்ளே இருந்தவன் தலையாட்டினானா, பயத்தில் நடுங்கினானா, இருமினானா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. லொறி போன பிறகு நான் அந்தக் கதிரைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். கை இரண்டும் மரத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரம் நீளாத கைதான் பிறகு பலேர்மோவில் கண்டவனிடமெல்லாம் நீண்டது.

இதையெல்லாம் நான் ஐவரி கோஸ்ட்காரனுக்குச் சொல்லவில்லை. சொல்ல இத்தாலியனும் இல்லை, மனமும் இல்லை. என் தம்பி செத்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். அவனும் தன் பக்கம் ஏதோ ஒரு சாவைச் சொன்னான். அதோடு நாங்கள் நல்ல சிநேகம்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், தொடக்க நாளுக்குச் சும்மா பேச்சு மட்டும் போதாது, ஒரு முகமூடி நடனமும் வேண்டும் என்று ரீச்சர் நினைத்திருக்கிறார். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்கு முதற்படத்தின் சுருள்கள் பிந்திவிட்டன, நான் ரயில் நிலையத்தில் மூன்று மணித்தியாலம் காத்துக் கிடந்தேன். தனியாளாக இரண்டு தரம் நடந்து பெட்டிகளைக் கொண்டுவந்தேன். துணைக்கு வரவேண்டியவனைக் காணவில்லையென்று மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டு, கடைசிப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி பக்கக் கதவால் உள்ளே போனேன்.

கொட்டகை பாதி இருட்டு. முன்வரிசைக்கு மேல் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. யாரும் பேசவில்லை, எங்கேயோ ஒரு மேளம் மெதுவாக அடிபட்டுக்கொண்டிருந்தது. விளக்குக்குக் கீழே ஒரு உருவம் நின்றது. கழுத்திலிருந்து முழங்கால்வரை சாக்கு. முகத்தில் மரம், அதில் இரண்டு ஓட்டை. அது முன்வரிசையில் ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டு வந்தது. ஒருவர் முன் நிற்கும், பார்க்கும், அடுத்தவரிடம் போகும். ஒரு பெண்ணின் முன் நின்று தலையாட்டியது. அவள் எழும்பி மேடைப் பக்கம் போனாள். அடுத்து ஒரு இளைஞனுக்கு ஆட்டியது. அவனும் எழும்பிப் போனான். அவர்கள் சிரித்தார்களாம், பின்னர் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புக் கேட்கவில்லை. வரிசை முடிந்ததும் அது திரும்பி, கதவடியில் நின்ற என்னைக் கண்டது. நேரே என்னிடம் வந்தது. அரை முழத் தூரத்தில் நின்று, என் முகத்தைப் பார்த்து, மூன்று தரம் தலையாட்டியது.

நான் பெட்டியைத் தூக்கி அதன் விளிம்பால் அந்த முகத்தில் இடித்தேன்.

மரம் பிளக்கிற சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. பத்து வருஷமாகக் காத்திருந்த சத்தம் அது. உருவம் முழங்காலில் விழுந்தது. திரும்ப இடித்தேன். பெட்டியின் மூடி திறந்து, சுருள் கழன்று, படம் முழுக்க நிலத்தில் ஓடியது. வெறும் பெட்டியால் இன்னும் ஒருதரம், பிறகு காலால். ஆட்கள் எழும்பி ஓடினார்கள், ஒருவரும் கிட்ட வரவில்லை. சற்று முன்னர் ஒரு விருந்தாளி பிரெஞ்சில் பேசியிருந்ததால் எல்லோருடைய காதிலும் ஹெட்போன் இருந்தது, கூண்டில் மைக் திறந்தபடி இருந்தது. மொரீசியஸ் தம்பி கண்ணாடிக்குள்ளிருந்து என்னைக் கண்டு கத்தியது இருநூறு பேர் காதிலும் யாழ்ப்பாணத் தமிழில் விழுந்தது.

"அண்ணை, விடுங்கோ. அது எங்கட ஆள். விடுங்கோ அண்ணை."

எங்கட ஆள் என்ற சொல் என்னை இன்னும் விசராக்கியது. சாக்குக்குள்ளும் எங்கட ஆள்தானே இருந்தான். கடைசியில் தம்பி வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்து நிலத்தில் போட்டான். அப்போதுதான் உடைந்த முகமூடிக்குள்ளிருந்து முகம் தெரிந்தது. மூக்கும் வாயும் ரத்தம். இடது கண் இருந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மரச்சிராய் நிமிர்ந்து நின்றது. அந்தச் சாக்கு, கோப்பிக் கொட்டை வந்த சாக்கு. கோப்பி மணத்தது. ஐவரி கோஸ்ட்காரன் மற்றக் கண்ணால் என்னைப் பார்த்து, என் பெயரைச் சொல்லிக் கேள்வி மாதிரி இழுத்தான்.

நான் ஓடினேன். சீசாவரை நிற்காமல் ஓடி, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

தம்பி அடுத்த நாள் காலையில் வந்து ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னான். கண்ணில் ஒப்பரேஷன் நடந்திருக்கிறது. சிராயை எடுத்துவிட்டார்கள், கண் போகவில்லை. ஆனால் இரண்டு கிழமை அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் மருந்து போட வேண்டும், அப்படிச் செய்தால் பார்வை தப்பும் என்று டாக்டர் சொன்னாராம்.

"அவன் தப்பினாலும் நீங்கள் தப்ப மாட்டியள்," என்றான். "ஆஸ்பத்திரியால பொலிசுக்கு அறிவிச்சுப்போட்டினம். அவன் உங்கட பேரைச் சொல்லி ஒரு கையெழுத்து வச்சால் காணும். அடுத்த மாசம் உங்கட பெர்மெஸ்ஸோ முடியுது. குவெஸ்தூராவில புதுப்பிக்க மாட்டாங்கள். நேரா கொழும்புக்குப் பிளேன்."

பெர்மெஸ்ஸோ என்றால் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி. அதைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில்தான் புதுப்பிக்க வேண்டும். கொழும்பு விமான நிலையத்தில் இறக்கினால் என்ன நடக்கும் என்று அந்த வருஷங்களில் எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரீச்சர் என்ன சொல்லுறா?"

"அவ அழுகிறா. அடிபட்டவன் வாய் திறக்காமல் தான் ஒண்டும் சொல்ல மாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. உங்கட ஊரில முகமூடிக்கு ஏதும் தோஷம் இருக்கோ எண்டு என்னைக் கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டு சொன்னன். வேற என்னத்தைச் சொல்ல?"

மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் பாதி உண்மை. வாயை மூடிக்கொள் என்று கெஞ்சத்தான் போனேன். கட்டிலில் அவன் மல்லாந்து கிடந்தான். தலை அசையக் கூடாதென்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். இடது கண்ணுக்கு மேல் பஞ்சுக் கட்டு. நான் பக்கத்தில் போய் நின்றதும் வலது கண் என் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு நாங்கள் பேசிய உடைந்த இத்தாலியனை இங்கே ஒழுங்காக்கித் தமிழில் எழுதுகிறேன்.

"ஏன்?" என்றான்.

சொன்னேன். சாக்கு, ஓட்டை, கதிரை, தம்பி, லொறி. கையாலும் காட்டினேன். இடையில் அழுதேன், அழுவதைப் பற்றி எனக்கே கோபம் வந்தது. அவன் கேட்டுக்கொண்டு கிடந்தான்.

"உங்கட ஊரில முகமூடி தலையாட்டினால் என்ன அர்த்தம்?" என்று கடைசியாகக் கேட்டேன். ஏதாவது பெரிய அர்த்தம் இருக்கும், அதைக் கேட்டு மனம் ஆறலாம் என்று ஒரு நப்பாசை.

"எனக்கென்ன தெரியும்? நான் மேசன். என்ர வாழ்க்கையில முகமூடி போட்டதில்லை. அது ரீச்சர் வீட்டுச் சுவரில தொங்கினது. ஆப்பிரிக்க ஆள்தானே, ஆடு எண்டு கேட்டா. ஆடத் தெரியாது, சும்மா நடந்தன். கொஞ்சப் பேரை மேடைக்குக் கூப்பிடச் சொன்னா, தலையாட்டினன்."

"எனக்கு ஏன் ஆட்டினனி?"

"உன்னைத் தெரியும். அதுதான்."

அவன் என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கண்ணால் காட்டினான். குனிந்தேன். கையை நீட்டினான், கொடுத்தேன். என் சுண்டுவிரலைத் தன் கைப்பிடிக்குள் பிடித்து, தலையை ஒரு நூல் அசைக்காமல், பின்பக்கமாக மடக்கி முறித்தான். கல் அடுக்கிய கை அது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கும் கேட்டது, பக்கத்துக் கட்டில் கிழவனுக்கும் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், கத்தவில்லை. இதோடு சரி என்று அவன் சொல்வான் எனக் காத்திருந்தேன். அவன் விரலை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நேரம்தான் பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். சிவில் உடை, கையில் தாள் வைத்து எழுத ஒரு மட்டை. என் முறிந்த விரலைப் பொக்கெற்றுக்குள் ஒளித்துக்கொண்டேன். அவர் கட்டிலின் காலடியில் நின்று, முதல் வேலையாக அவனிடம் அடையாளப் பத்திரம் கேட்டார்.

"வீட்டில இருக்கு," என்றான்.

"யார் அடித்தது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் கொழும்பு வரை போய் வந்தேன். விமானப் படி, வாசலில் நிற்கும் ஆள், பின்னறை, மேசை, குழாய். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இருட்டு," என்றான் ஐவரி கோஸ்ட்காரன். "முகமூடிக்குள்ளால ஒண்டும் தெரியேல்லை."

"இவன் யார்?" பொலிஸ்காரர் என்னைக் காட்டினார்.

"கூட வேலை செய்யிறவன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு விளங்கியிருக்கும். ஆனால் அடிபட்டவனே சொல்லாதபோது அவர் எதைக் கிளறுவார்? முறைப்பாடு இல்லையென்றால் அதையும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும், அதற்குப் பத்திரம் வேண்டும், நாளைக்குக் காலையில் வருகிறேன், யாரையாவது அனுப்பி எடுத்து வைத்துக்கொள் என்றார். போய்விட்டார். நான் ஐவரி கோஸ்ட்காரனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காலை இழுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் காலையில் நான் செருப்பில்லாமல் பெல்லெக்ரினோ மலை ஏறினேன். மேலே குகைக்குள் இருக்கும் சாந்தா ரொசாலியா என்ற புனிதையிடம் எங்கள் சைவச் சனம் நேர்த்தி வைப்பதும் வெறுங்காலோடு ஏறுவதும் பலேர்மோவில் வழக்கம். முறிந்த விரலில் தடி கட்டிக்கொண்டு போய், மெழுகுதிரி கொளுத்தி, ஒரு மனிதனுக்குள் இவ்வளவு பெரிய மனதை வைத்ததற்காக நன்றி சொன்னேன். எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், கண்ணைக் குத்தினவனைக் காட்டிக்கொடுக்காத ஒரு கறுப்பன் இருக்கிறான், அவன் மனிசன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே என் மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

மலையால் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது. மணல் மூட்டை இரண்டும் கட்டிலில் கிடந்தன. தாதி என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளினாள். விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் போய்விட்டானாம், உடுப்புக்கூட மாற்றாமல். நான்கு நாள்தான் ஆகிறது, இந்தக் கண்ணோடு நடந்தால் கண் போகும், உன் சிநேகிதனுக்குப் புத்தி இல்லையா என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டாள். ரீச்சருக்கும் அவன் இருக்குமிடம் தெரியவில்லை. ஹோட்டலில் கேட்டேன், அங்கேயும் வரவில்லை. என் பெர்மெஸ்ஸோ அடுத்த மாதம் ஒரு கேள்வியும் இல்லாமல் புதுப்பித்துக் கிடைத்தது.

மாசி மாதம் சியாகுல்லியில் அவனைக் கண்டேன். பிந்திய மண்டரின் முற்றிப் பிடுங்குகிற நேரம். வேறொரு ஒப்பந்தக்காரன் கூட்டி வந்த ஆட்களோடு, எனக்கு இரண்டு வரிசை தள்ளி, ஏணியில் நின்றான். இடது கண் வெள்ளையாக இருந்தது. நான் கூடையை வைத்துவிட்டு ஓடிப்போய் ஏணிக்குக் கீழே நின்று, இவ்வளவு நாளாக மனதில் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நீ அண்டைக்கு என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. சாகுமட்டும் மறக்க மாட்டன்."

அவன் கீழே பார்த்தான். முதலில் யாரென்று தெரியாத மாதிரிப் பார்த்தான், பிறகு சிரித்தான். நல்ல சிரிப்பில்லை.

"காட்டிக் குடுத்திருப்பன்," என்றான். "இரண்டு கையாலயும் கையெழுத்து வச்சிருப்பன். உன்னைப் பிளேனில ஏத்திறதை அந்தக் கட்டிலில கிடந்து நினைச்சு நினைச்சுப் பாத்தன். என்னட்டைப் பேப்பர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அவன் வந்தவுடனை கேட்டது அதைத்தானே? உன்ர பேரைச் சொன்னால் என்ர பேரையும் எழுத வேணும். அதுக்குத்தான் ஓடினன். கண் போகும் எண்டு தெரிஞ்சுதான் ஓடினன்."

எனக்கு வெட்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். மூன்று மாதமாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த என் கதையை, மலையேறி மெழுகுதிரி கொளுத்திய கதையை, இவன் ஒரு ஏணியில் நின்றபடி உடைத்துப்போட்டான். கை முறுகியது. நிமிர்ந்தால் அவன் முழங்கால் எனக்கு எட்டும், ஏணியோடு இழுத்து விழுத்தலாம். ஒரு கணம் உண்மையாகவே அதை நினைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் நினைத்தேன்.

அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பவும் பழத்துக்குக் கையை நீட்டினான். மண்டரினைப் பிடுங்கக் கூடாது, காம்போடு கத்தரிக்க வேண்டும். கத்தரிக்கோல் பழத்துக்கு நாலு விரல் முன்னால் வெறும் காற்றை வெட்டியது. கொஞ்சம் முன்னே நீட்டினான், திரும்பவும் காற்று. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. மூன்றாம் தரம் மற்றக் கையால் பழத்தைத் தடவிப் பிடித்து, காம்பை விரலால் தேடிக் கண்டுபிடித்து வெட்டினான். விரல் முழுக்கப் பழைய வெட்டுக் காயங்கள். ஒப்பந்தக்காரன் தூரத்திலிருந்து அவனைக் கெதியாக வெட்டச் சொல்லிக் கெட்ட வார்த்தையில் கத்தினான். அவன் அடுத்த பழத்துக்காக எட்டியபோது ஏணி ஒருபக்கம் சரிந்தது. நான் பாய்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு," என்றான், கீழே பார்க்காமல்.

நான் விடவில்லை. "விழுந்திடுவாய்," என்றேன்.

"விழுந்தால் விழுறன். நீ கையை எடு."

எடுத்தேன். போய் என் வரிசையில் பழம் வெட்டத் தொடங்கினேன். பின்னேரம்வரை இரண்டு வரிசை தள்ளி அந்தக் கத்தரிக்கோல் வெறும் காற்றை வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.